ஆட்டுக்கிடாவும் டைமண்ட் எட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. இடம், குலசேகரத்திலிருந்து மலைப்பக்கமாக பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் வரும் எங்கள் ஊர். அங்குள்ள கலை விளையாட்டு மன்றத்தின் ஆண்டுவிழாவில் கயிறு இழுப்பு, உறியடி எல்லாம் உண்டு. கூடவே இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டப் போட்டியும் உண்டு. சீட்டு என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். காசு வைத்து ஆடினால் மன்றத்தை விட்டே விலக்கிவிடுவார்கள். முதல் பரிசு ஓர் ஆட்டுக்கிடா, இரண்டாம் பரிசு ஓர் ஏத்தன் வாழைக்குலை. அந்தக் கிடாவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரியாக வைத்து முடிக்கும்போது மணி ஏழரை ஆகிவிடும். அதற்குப் பிறகு பால் வடிந்து நிற்கும்வரை இரண்டு மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் வரவும் முடியாது, தூங்கவும் முடியாது. அந்த நேரத்தில் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் ஷெட்டில் உட்கார்ந்து நாங்கள் நாலு பேர் இருபத்தெட்டு ஆடுவோம். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். பெண்கள் இருவரும் ஒரு ஜோடி. இத்தனை வருடக் கணக்குப் பார்த்தால் அந்த ஆண்கள் இருவரும் எங்களிடம் தோற்றுத் தோற்றே கிழவர்களாகிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி, ஆளுக்கு எட்டு சீட்டு. ஜாக்குக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. எல்லாம் கூட்டினால் இருபத்தெட்டு வரும். இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஒருவர் விளிக்க வேண்டும், விளித்தவர் துருப்பு எது என்று ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்று இனம் நாலு. முதலில் போட்ட இனத்தில் உங்கள் கையில் சீட்டு இருந்தால் அதைத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் மட்டுமே துருப்பைத் திறந்து வெட்டலாம். இருந்தும் இல்லாததுபோல் வெட்டினால் அதற்குப் பெயர் கள்ளச்சீட்டு. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நின்றுபோகும். கையில் வேலையில்லாத நாட்கள். அப்படி ஒருநாள் ரேஷன் கடைக்குப் போகும் வழியில் மன்றத்துச் சுவரில் அறிவிப்பைப் பார்த்தேன். 'எவரும் கலந்துகொள்ளலாம்' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் எழுதியிருப்பார்களாக இருக்கும். அந்த வருடம்தான் நான் நின்று வாசித்தேன். மறுநாளே என் ஜோடியைக் கூட்டிக்கொண்டு பேர் கொடுக்கப் போனேன்.

மன்றத்துச் செயலாளர் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊரில் யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலும் முதலில் வண்டியை எடுப்பவர் அவர்தான். எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "அக்கா, கோலப்போட்டி அடுத்த ஞாயிறு" என்றார்.

"கோலம் போட வரல்ல. எவரும் கலந்துக்கலாம்னு எழுதிப் போட்டிருக்கியளே, அந்த 'எவரும்'ல நாங்களும் உண்டா, இல்லியா?" என்று கேட்டேன்.

கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கமிட்டி மூன்று நாள் கூடிக் கூடிப் பேசியது. மூன்று நாளும் நான் அந்த வழியாகவே ரேஷன் கடைக்கும், பால் வாங்கவும், ஒன்றும் வாங்காமலும் போய் வந்தேன். கடைசியில் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் விதிகள் எழுதிய தாளின் அடியில் பேனாவால் ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது: 'மகளிருக்குக் குணுக்கு விலக்கு.'

குணுக்கு என்றால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் காதில் தொங்கவிட்ட கனமான நகை. இருபத்தெட்டில் தோற்கிறவர்கள் பலா இலையைச் சுருட்டி, நூல் கட்டி, அதைக் குணுக்குபோல் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும், பரிசு கொடுத்து முடியும்வரை கழற்றக் கூடாது. ஆண்கள் பெண் நகை போடுவதுதான் இதில் அவமானம். அப்படியென்றால் காலம் முழுக்க அதைப் போட்டுத் திரிந்தவர்கள் என்ன அவமானத்திலா திரிந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

"இந்த வரியை வெட்டுங்க. தோத்தா நாங்களும் போட்டுக்குதோம்" என்றேன்.

"இது ஒங்களுக்குத் தந்த மரியாதை அக்கா. பொம்பளையளை நாலு பேருக்கு முன்ன கோலங்கெடுத்தினா ஊரு எங்களைத்தான் சொல்லும்" என்றார்.

அன்றைக்கு நான் அதற்குமேல் வாயாடவில்லை. பெயரை அடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். உள்ளே போனால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

என் ஜோடிக்குக் குணுக்கைப் பற்றிய கவலையே இல்லை. அவளுக்கு வேண்டியது கிடா. அவள் கொழுந்தன் எல்லோர் முன்னாலும் 'சீட்டு ஆடுத பெண்ணு வீட்டுக்கு ஆகாது' என்று ஒருமுறை சொல்லியிருந்தான். "ஏட்டி, அந்தக் கிடாவுக்கக் கழுத்துல கயித்தைப் போட்டு அவனுக்க வீட்டு முற்றம் வழியா நடத்திக்கொண்டு போகணும். அது அவனுக்க வாழையைத் தின்னணும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கிடாவைவிட அவளே அந்த வாழையைத் தின்றுவிடுவாள்போல இருந்தது.

போட்டி அன்று காலை மைதானத்தில் தார்ப்பாய் கட்டி மேசை போட்டிருந்தார்கள். பதினாறு ஜோடிகள். அதில் பதினைந்து ஜோடி வேட்டி, கைலி, பேன்ட். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேலை. நடுவர் சவூதியில் கிரேன் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவர். முப்பது வருடம் விசில் சத்தத்துக்கும் கைச்சைகைக்கும் பாரம் தூக்கிய மனிதர் என்பதால் யார் கை எங்கே அசைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எழுந்து நின்று விதிகளைச் சத்தமாக வாசித்தார். விளிக்கும்போது தவிர வாயைத் திறக்கக் கூடாது. ஜோடிக்குச் சைகை காட்டக் கூடாது. போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கக் கூடாது. சீட்டை மேசையில் ஓங்கி அடிக்கக் கூடாது. கள்ளச்சீட்டு போட்டால், தெரிந்து போட்டாலும் தெரியாமல் போட்டாலும், அந்த ஆட்டமே தோல்வி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஆறு ரப்பர் கொட்டை. ஒரு கை தோற்றால் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொட்டை தீர்ந்தால் வெளியே. கடைசி வரியை, அந்தப் பேனா வரியை வாசிக்கும்போது எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது.

முதல் ஆட்டம் இரண்டு ஆட்டோ ஓட்டுநர்களுடன். அதில் ஒருவர் எங்கள் ஊர் ஸ்டாண்டிலேயே நிற்பவர், முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். நாலாவது கையில் அவர் கிளாவரை வெட்டினார். இரண்டு சுற்று கழிந்ததும் அவர் கையிலிருந்தே ஒரு கிளாவர் ஏழு வந்து விழுந்தது. நான் விடுவேனா? "கள்ளச்சீட்டு!" என்று கத்தியே விட்டேன்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. "அக்கா, சத்தியமாட்டு பாக்கல்ல. ஒரு கைதானே, இதை மட்டும் விடுங்க" என்றார்.

"சட்டம்னா சட்டம்தான்" என்றேன்.

நடுவர் ஆட்டத்தை எங்களுக்குக் கொடுத்தார். ஆட்டோக்காரரும் அவர் ஜோடியும் காதில் பலா இலையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றி வந்தார்கள். பெண்களிடம் தோற்றதால் கூட்டத்தில் ஊளையும் விசிலும் இரட்டிப்பாக இருந்தது. எனக்கு அப்போது கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் இன்னொரு கூத்து. எதிர் ஜோடி மூன்று கொட்டை இழந்ததுமே முணுமுணுக்கத் தொடங்கியது. "இவளுவ சைகை காட்டுதாளுவ. மூக்குத்தியைத் தொட்டா இஸ்பேட், சேலைத் தலைப்பைச் சரி பண்ணினா ஆட்டின்" என்று ஒருவர் நடுவரிடம் புகார் சொன்னார். நடுவர், தான் அப்படி ஒன்றும் பார்க்கவில்லை என்றார். ஆனாலும் கூட்டத்தில் சலசலப்பு அடங்கவில்லை. பெண்கள் ஜெயித்தால் அதில் ஒரு தந்திரம் இருந்தே ஆக வேண்டும் அல்லவா?

எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போயிருப்பேன். என் ஜோடிதான் சொன்னாள், "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு துணியைக் கட்டுங்க. எனக்கு இவளுக்க மூஞ்சியைப் பாக்கணும்னு ஒரு நேர்ச்சையும் இல்ல. இருவது வருசமாட்டு பாத்துக்கொண்டுதான் இருக்கேன்."

கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவர் நிஜமாகவே ஒரு வேட்டியைக் கொண்டுவந்தார். மேசையின் மூலைக்கு மூலை, எங்கள் இருவருக்கும் நடுவில் அதைக் கட்டினார்கள். கீழே சீட்டு போடக் கை நுழைகிற அளவுக்கு மட்டும் இடைவெளி. அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. அந்த வேட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து மிச்சம் மூன்று கொட்டையையும் வாங்கினோம். கடைசிக் கை முடிந்ததும் அவள் வேட்டியை அவிழ்த்து, அழகாக மடித்து, புகார் சொன்னவர் கையிலேயே கொடுத்தாள். அரையிறுதி அதைவிடச் சுலபமாக முடிந்தது. எதிரே இருந்தவர்கள் எங்கள் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தங்கள் சீட்டைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுதி ஆட்டம். எதிரே செயலாளரும் அவர் மைத்துனரும். இருவரும் நன்றாக ஆடுகிறவர்கள். போட்டியை நடத்துகிறவரே ஆடலாமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. இரண்டு மணி நேரம் கொட்டைகள் அங்குமிங்கும் போய் வந்தன. ஒரு கட்டத்தில் எங்களிடம் இரண்டே இரண்டு மிஞ்சின. பிறகு ஒவ்வொன்றாக மீட்டோம். அந்தக் கூட்டத்தில் முதல்முறையாக எங்கள் பக்கமும் ஆள் சேர்ந்தது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அக்காமார், தோட்டத்துப் பெண்கள், கயிறு இழுக்க வந்தவர்கள்கூட எங்கள் பின்னால் வந்து நின்றார்கள். கடைசியில் செயலாளரிடம் ஒரே ஒரு கொட்டை. அடுத்த கையை நான் பதினெட்டுக்கு விளித்தேன். எடுத்துவிட்டால் கிடா எங்களுக்கு.

ஷெட்டில் ஆடும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கைக்கு வந்த சீட்டை முதலில் எண்ணுவேன். காரணம் என் வலது கட்டைவிரல். கத்தி பிடித்துப் பிடித்து அது காய்த்துப்போயிருக்கிறது. ஒரு சீட்டா, ஒட்டிக்கொண்ட இரண்டு சீட்டா என்று அந்த விரலுக்குத் தெரியாது. அதனால் எண்ணாமல் ஆடவே மாட்டேன். அன்று பின்னால் நின்ற கூட்டம் கொடுத்த தைரியத்தில் எண்ணவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

மூன்றாவது சுற்றில் செயலாளர் டைமண்ட் ஜாக்கை இறக்கினார். என் ஜோடி டைமண்ட் ஏழு போட்டாள். செயலாளரின் மைத்துனர் ஒன்பதைப் போட்டார். ஐந்து புள்ளி மேசையில் கிடக்கிறது. என் கையைப் பார்த்தேன். டைமண்ட் இல்லை. கவிழ்த்து வைத்திருந்த இஸ்பேட் பத்தைத் திறந்து, அதனாலேயே வெட்டினேன். பின்னால் ஒரே ஆரவாரம். அந்த ஒரு வெட்டிலேயே ஆட்டம் எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது.

கையில் நாலு சீட்டு இருப்பதாக நினைத்து விரித்தபோது ஐந்து இருந்தது. ஆட்டின் எட்டுக்குப் பின்னால் டைமண்ட் எட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு புள்ளிக்கும் பெறாத சீட்டு.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன், அது பொய். பேசாமல் ஆடினேன். டைமண்ட் எட்டைக் கடைசிவரை பிடித்துவைத்தேன். கடைசிச் சுற்றில் எல்லோரும் கையில் இருந்த ஒற்றைச் சீட்டை வீசினார்கள், கூட்டம் கத்திக்கொண்டு நடுவரை மறைத்து முன்னால் சாய்ந்தது, நானும் வீசினேன். என் ஜோடி பார்த்துவிட்டாள். அவள் கை மின்னல்போல வந்து நாலு சீட்டையும் வாரி எங்கள் குவியலுக்குள் செருகியது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விளக்கம் வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் கொன்றுவிடுவாள். புள்ளியை எண்ணினார்கள். பத்தொன்பது. எங்களைத் தூக்காத குறைதான். யாரோ கிடாவை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். என் ஜோடி எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்டோக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். காதில் பலா இலை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் நிறையச் சிரிப்பு. "அக்கா, காலையில கொஞ்சம் வெசனமாட்டு இருந்துது. இப்ப இல்ல. ஜெயிச்ச ஆளுவகிட்டதானே தோத்தேன், அதுல ஒரு குறைச்சிலும் இல்ல" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் கிடாவோடு வீட்டுக்குப் போயிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. திரும்பி நடுவரிடம், "நான் கள்ளச்சீட்டு போட்டேன்" என்றேன்.

சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். குவியலைக் கலைத்து டைமண்ட் எட்டை எடுத்து மேசையில் வைத்தேன். கையில் ஒட்டிக்கொண்டிருந்ததையும், பிறகு பார்த்ததையும், பார்த்தும் சொல்லாமல் ஆடியதையும் சொன்னேன். கூட்டம் அடங்கிப்போயிற்று. கிடா மட்டும் கத்தியது.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்றாள் என் ஜோடி. "கிடாவுல பாதி எனக்கது. எனக்கப் பாதியை யாருட்ட கேட்டுக் கொடுத்தே?"

நியாயமான கேள்வி. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருடத்தில் அவள் கணவர் தவறிப்போன அன்று தவிர நான் பார்க்காத தண்ணீர்.

நடுவர் தலையைச் சொறிந்தார். "ஆட்டம் முடிஞ்சாச்சு. எதிர் சைடு புகார் சொல்லல்ல. நான் என்ன செய்யதுக்கு?" என்று செயலாளரைப் பார்த்தார்.

செயலாளர் எழுந்தார். சொன்னேனே, கெட்டவர் அல்ல. வேட்டியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "இதுல என்ன இருக்கு? பாவம், பொம்பளைய. வீட்டுல சீட்டு களிச்சுப் பழகினவ, போட்டிக்க சட்டமெல்லாம் அவியளுக்கு எப்பிடித் தெரியும்? தெரியாமப் போட்டது. நாங்க புகார் சொல்லல்ல. அக்காமாரே ஜெயிச்சதா இருக்கட்டு. கிடாவைக் கொண்டு போகட்டு."

பாருங்கள், அதற்குக் கூட்டம் கை தட்டியது. நாங்கள் ஜெயித்தபோது தட்டியதைவிடப் பலமாகத் தட்டியது. எங்கள் பின்னால் நின்ற பெண்களும் சேர்ந்து தட்டினார்கள். என் உடம்பு முழுக்க எரிந்தது. கள்ளச்சீட்டு போட்டதற்கு வெட்கப்பட்டேன், அது என் வெட்கம், நான் பட்டுக்கொள்கிறேன். ஆனால் காலையில் அந்த ஆட்டோக்காரர் கெஞ்சியபோது 'பாவம், ஆம்பளை' என்று யாரும் சொல்லவில்லையே. அவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்படியென்றால் காலையிலிருந்து அவர்கள் எங்களோடு ஆடிக்கொண்டிருக்கவே இல்லை. பந்தியில் உட்கார்ந்துவிட்ட குழந்தைக்கும் ஓர் இலை போடுவதுபோல எங்களுக்கும் மேசை போட்டிருக்கிறார்கள்.

"எனக்குச் சட்டம் தெரியும்" என்றேன். "காலையில இதே மேசையில இதே சட்டத்தைச் சொல்லி ஒரு ஆளுக்கக் காதுல எலையைத் தொங்க விட்டவ நான். தெரிஞ்சு போட்டாலும் தெரியாமப் போட்டாலும் தோல்வின்னுதான் நீங்க வாசிச்சிய. அதுல பொம்பளைக்கு வேறன்னு எழுதல்ல. தோத்தோம்னு எழுதுங்க."

"எதுக்கக்கா இந்த வாசியும் வீம்பும்? நாங்கதான் விட்டுத் தாறோமே" என்றார் செயலாளர்.

"விட்டுத் தந்தா வாங்கதுக்கு நாங்க வரல்ல."

அதற்கும் அவர் சிரித்தார். "பாவம், வெப்ராளத்துல என்ன பேசுதோம்னு தெரியாமப் பேசுதாவ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அந்த இரண்டாவது 'பாவம்' என் ஜோடியின் காதில் விழுந்தது.

நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதையும் இல்லை. அவளாகவேதான் கிடாவின் கயிற்றைப் பிடித்திருந்த ஆளிடம், "அதை அங்க கொண்டு கெட்டு" என்றாள். பிறகு செயலாளரிடம் திரும்பினாள். "யாருக்கு ஓய் பாவம்? ஒரு நாளைக்கு முந்நூறு மரம் வெட்டுதேன். ஒமக்கக் கடையில கெடக்க ஷீட்டுல பாதி நான் வெட்டினப் பாலு. சட்டமா எனக்குத் தெரியாது? எடும் எலையை."

விதித்தாளில் விலக்கு இருக்கிறதே என்று நடுவர் மெதுவாகச் சொன்னார். அவள் மேசையில் கிடந்த தாளை எடுத்தாள். ஸ்கோர் எழுதும் பேனாவையும் எடுத்தாள். அந்தக் கடைசி வரியை வெட்டினாள். ஒரு தடவை அல்ல, தாள் கிழியும்வரை வெட்டினாள். பிறகு தானே போய் மைதானத்து ஓரத்துப் பலா மரத்திலிருந்து இரண்டு இலை பறித்து வந்து சுருட்டத் தொடங்கினாள். கோபத்தில் இலை கிழிந்துகொண்டே இருந்தது. ஆட்டோக்காரர்தான் அவள் கையிலிருந்து வாங்கிச் சரியாகச் சுருட்டி நூல் கட்டிக் கொடுத்தார். நடுவர் ஸ்கோர் தாளில் எங்கள் பெயருக்கு நேரே 'தோல்வி' என்று எழுதினார். எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் எழுந்து நின்றார்.

மைதானத்தைச் சுற்றினோம். இருபுறமும் ஆள். முதல் பாதிவரை ஒரு சத்தமும் இல்லை, சாவு வீட்டில் நடப்பதுபோல் இருந்தது. பெண்களைப் பார்த்து ஊளையிடலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கயிறு இழுக்கிற இடத்தைத் தாண்டும்போது எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது. பிறகு ஒரு ஊளை. பிறகு காலையில் ஆண்களுக்கு விழுந்த அத்தனையும் எங்களுக்கும் விழுந்தது. "குணுக்கக்கா, காது பத்திரம்!" என்று ஒருவன் கத்தினான். என் ஜோடி திரும்பி நின்று, "நாளைக்கு ஒனக்கக் காதையும் பாப்போம்லே" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தோற்றதற்கு வருத்தமாக இருந்தது, வாயை மூடிக்கொண்டு ஆடிய அந்த ஐந்து நிமிடத்துக்கு வெட்கமாக இருந்தது, அந்த ஊளைச் சத்தத்துக்கு நடுவே நடக்கப் பெருமையாகவும் இருந்தது. மூன்றும் உண்மை.

கிடாவைச் செயலாளர் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு ஏத்தன் குலை கிடைத்தது. நான் என் பங்கு இரண்டு சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவளிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டாளே தவிர என்னோடு பேசவில்லை. வெட்டு மறுபடி தொடங்கி ஒரு வாரம்வரை பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து மரத்தில் நின்று வெட்டுவோம், எதிரெதிரே உட்கார்ந்து சீட்டும் ஆடுவோம், ஒரு வார்த்தை கிடையாது. எட்டாவது நாள் நான் சீட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது, "எட்டு இருக்கா?" என்றாள். இருக்கு என்றேன். அதோடு சரியாயிற்று. ஆனால் அந்தக் கிடாவில் பாதி அவளுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியதுதான். பார்த்தும் சொல்லாமல் இருந்தது நான். கேட்காமல் கொடுத்ததும் நான்.

இந்த வருடமும் போட்டிக்குப் போனோம். எங்களையும் சேர்த்து நாலு பெண் ஜோடிகள் பெயர் கொடுத்திருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே எங்களுக்கு எதிரே ஒரு மீசைக்காரர் உட்கார்ந்தார். சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே என் விரல்களை முறைத்துப் பார்த்து, "எண்ணிப் பிடியுங்க அக்கா. ஒரு சீட்டு கூடக் குறைய இருந்தா நான் விட மாட்டேன், சொல்லிப்போட்டேன்" என்றார். கண்ணில் கொஞ்சம்கூட இரக்கம் இல்லை. இத்தனை வருடத்தில் எனக்கு எத்தனையோ பேர் எவ்வளவோ மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுகூட அந்த மனிதரின் மிரட்டலைப்போல என்னைத் தலைநிமிர்ந்து உட்கார வைத்ததில்லை.